எண்ணெய் கொதிக்குது, சுத்திப் போ

தாராவியில் எங்கள் கல்லிக்குள் யார் வந்தாலும் முதலில் அவளைச் சுற்றித்தான் வர வேண்டும். கல்லி என்றால் பம்பாயில் சந்து. அந்தச் சந்தின் வாயில், ஓரமாக இல்லை, நட்டநடுவில் மூன்று கல் கூட்டி அடுப்பு வைத்து, மேலே ஒரு பெரிய இரும்புச் சட்டியை ஏற்றி, காலையிலிருந்து பொழுது சாயும்வரை காராச்சேவு போட்டுக்கொண்டிருப்பாள். தோல் பதனிடும் கிடங்குக்குப் போகிற கைவண்டிகள் வரும். சைக்கிளில் போலீஸ்காரன் வருவான். ரேஷன் ஆபீஸர் குடையோடு வருவார். எல்லோருக்கும் ஒரே பதில்தான். தலையை நிமிர்த்தாமல், ஓட்டைக் கரண்டியில் மாவைத் தேய்த்துக்கொண்டே, "எண்ணெய் கொதிக்குது, சுத்திப் போ" என்பாள்.

தமிழ் தெரியாதவர்களுக்கு அதையே அவளுடைய ஹிந்தியில் சொல்வாள். "தேல் கரம் ஹை, கூம்கே ஜா." அவளுக்குத் தெரிந்த ஹிந்தியில் பாதி அதுதான். மீதிப் பாதி வசவு.

அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. ரேஷன் கார்டில் எழுதியிருந்தார்கள். யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஆண்கள் அண்ணி முறை வைத்து "மயினி" என்பார்கள், என்னைப் போல வாழ வந்த பெண்கள் "அத்தை" என்போம். புருஷன் போய் வெகுகாலம். பிள்ளைகள் இல்லை. நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும். கட்டையான உடம்பு, முழங்கை வரைக்கும் எண்ணெய் தெறித்த புள்ளிகள். அந்தப் புள்ளிகளைப் பற்றி யாராவது பரிதாபப்பட்டால் அவளுக்குக் கோபம் வரும்.

"ஏன் அத்தை, ஓரமா வச்சாத்தான் என்ன?" என்று நானே ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

"ஓரமா வச்சா புகை உன் வீட்டுக்குள்ள வரும். நடுவுல வச்சா மேல போவும். எது வேணும்?"

இது வெளியே சொல்கிற காரணம். உள்காரணம் வேறு. அதையும் அவளே ஒருநாள் சொன்னாள். "இது ரோடு இல்லட்டி, நம்ம முத்தம். முத்தத்துல அடுப்பு வைக்காம எங்க வைப்பா?" எங்கள் வீடுகளில் முற்றம் கிடையாது. ஒரு அறை, அதில் ஒரு ஜன்னல், அதுவும் சில வீடுகளுக்கு இல்லை. ஆகவே மாவாட்டுவது, துவைப்பது, சடங்கு, கல்யாணம், சண்டை எல்லாம் கல்லியில்தான். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதை அவள் சொல்கிற விதத்தில், முற்றம் முழுவதும் அவளுடைய பாட்டன் சொத்து என்று தோன்றும்.

எனக்கு அவளை முதல் நாளே பிடிக்கவில்லை. திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி, புதுப்பெண்ணாக, கூறைப்புடவை கசங்கி வந்து இறங்குகிறேன். தாதரிலிருந்து குதிரைவண்டி பிடித்து வந்தோம். கல்லி வாயில் வந்ததும் குதிரை நின்றுவிட்டது. வண்டிக்காரன் கத்தினான். அவள் தலை நிமிரவில்லை. வழக்கமான வாசகம் வந்தது. என் வீட்டுக்காரர் மில்லில் தறி ஓட்டுகிறவர், மேஸ்திரியையே எதிர்த்துப் பேசுகிறவர் என்று பெண் பார்க்க வந்தபோது பெருமையாகச் சொல்லியிருந்தார்கள். அந்த மனிதர் மெதுவாக, "இறங்கு, நடந்திருவோம்" என்றார். டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னே, சாக்கடை ஓரமாகப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் பின்னே. அடுப்பைத் தாண்டும்போது என் கையைப் பிடித்து நிறுத்தி, உள்ளங்கையில் சூடாக ஒரு பிடி சேவு வைத்தாள்.

"ஊர்ல மழை உண்டுமாட்டி?"

நான் சேவு மட்டும் தின்றேன். நன்றாக இருந்தது. அதனால் கோபம் இன்னும் கூடியது.

இரண்டே இரண்டு பேருக்கு அவள் சட்டியை இறக்கி வைத்து வழி விடுவாள். ஒன்று, கல்லியிலிருந்து போகிற பிணம். இன்னொன்று, கொடையன்று வெளியே வருகிற அம்மன். மற்றபடி கல்யாண ஊர்வலமே ஆனாலும் மாப்பிள்ளை இறங்கிச் சுற்றித்தான் போக வேண்டும். இது எழுதி வைத்த சட்டம் மாதிரி எல்லோருக்கும் தெரியும். கொடையல்லாத நாளில் சட்டி கீழே இறங்கியிருந்தால் கல்லியில் சாவு என்று அர்த்தம்.

எங்கள் பக்கத்தில் அம்மன் கோயில் திருவிழாவைக் கொடை என்போம். கல்லியின் உள்ளே ஒரு முத்தாரம்மன் கோயில். கோயில் என்றால் ஆள் குனிந்து நுழைகிற ஒரு அறை. அவளுடைய மாமனார் பிழைக்க வந்த புதிதில் ஊர்க் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்து, துண்டில் முடிந்து கொண்டுவந்து வைத்த அம்மன். கூட வந்தவர்கள் சேற்றை மேடாக்கி, அம்மனைச் சுற்றி வீடு கட்டிக்கொண்டார்கள். என் காலத்திலேயே அந்தக் கல்லிக்கு மூன்று தலைமுறை வயது. பூசை செய்தது அவளுடைய கொழுந்தன். பாவம், அம்மனுக்குப் பயந்ததைவிட மயினிக்குத்தான் அதிகம் பயந்தான்.

யுத்தம் முடிந்த சமயம். மிலிட்டரிக்காரர்கள் விற்றுவிட்டுப் போன லாரிகள் எல்லாம் பம்பாய் ரோட்டில் ஓட ஆரம்பித்தன. மாஹிம் பக்கமிருந்து சயான் போகிற லாரிகள் தாராவியின் வளைவுகளில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க ஹாரன் அடிக்கும். அதற்கு ஒரு நேர்கோட்டு ரோடு போடப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. ரோடு நேராக வந்தால் எங்கே வரும் என்று நாங்கள் யோசிக்கவில்லை. ஒருநாள் காலையில் அளவுச் சங்கிலியும் சுண்ணாம்பு வாளியுமாக ஆட்கள் வந்தபோதுதான் தெரிந்தது, எங்கள் கல்லி வழியாக வரும் என்று. கோயிலும், இரண்டு பக்கத்து வீடுகளும், ஏன், எங்கள் கல்லி என்பதே இருக்காது.

ரோட்டாபீஸிலிருந்து வந்த ஓவர்சியர் மாதுங்காக்காரர், பாலக்காட்டு ஐயர். ஒல்லியான, சங்கோஜமான மனிதர். ஆட்கள் சுண்ணாம்புக் கோடு இழுத்துக்கொண்டே வந்து அடுப்புக்கு முன்னால் நின்றார்கள்.

"அம்மா, செத்த நகர்ந்துக்கோங்கோ. கோடு போடணும்."

"எண்ணெய் கொதிக்குது ஐயரே. கோட்டைச் சுத்திப் போகச் சொல்லும்."

"கோடு சுத்திப் போகாதும்மா. ரோடு நேராத்தான் போகும்."

"அப்போ கோடு நிக்கட்டும்."

அவர் ஆட்களைப் பார்த்துத் தலையசைத்தார். அடுப்புவரை கோடு போட்டு நிறுத்தி, அடுப்புக்கு அந்தப் பக்கம் மறுபடி ஆரம்பித்தார்கள். நடுவில் ஒரு இடைவெளி. கல்லிப் பெண்கள் எல்லோரும் அன்று பூராவும் அந்த இடைவெளியைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தோம். சிரித்துவிட்டு, கோடு யார் யார் வாசலைத் தொடுகிறது என்றும் போய்ப் பார்த்துக்கொண்டோம்.

ஆண்கள் கூட்டம் போட்டார்கள். மனு எழுதிக்கொண்டு ரோட்டாபீஸுக்குப் போனார்கள். காலையில் போனவர்கள் சாயங்காலம் வரை உட்கார வைக்கப்பட்டு, ஒரு சேதியோடு திரும்பி வந்தார்கள். தேவ்நார் பக்கம் மனை தருவார்களாம். ஆளுக்கு ஒரு துண்டு, சொந்தமாக. யார் முதலில் போகிறார்களோ அவர்களுக்கு நல்ல இடமாம்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் எங்களைப் பிரித்தது. அதுவரை ஒரே வாயாகப் பேசிய ஆண்கள், அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் தனித்தனியாகக் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். என் வீட்டுக்காரருக்கும் ஆசை வந்துவிட்டது. எனக்கும்தான். ஏன் பொய் சொல்ல வேண்டும்? தோல் நாற்றமும் சாக்கடையுமாக இருக்கிற இந்த அறையைவிட, சேறாக இருந்தாலும் சொந்த மண். அவள் மட்டும்தான் கூட்டத்தில் ஆண்களுக்கு நடுவே எழுந்து நின்று கேட்டாள்.

"அம்மனை எப்படிக் கொண்டுபோவிய?"

தலைவர் என்று ஒருவர் இருந்தார், கிடங்கில் கங்காணி. "அங்கயும் ஒரு கோயில் கட்டித் தாரோம்னு சொல்லுதாங்க மயினி" என்றார்.

"கட்டிடத்தை எவன் கேட்டான்? இங்கருந்து பிடிமண் எடுக்கணும். எடுத்த இடத்துல அம்மன் இருக்கணும். மேல லாரி ஓடுத இடத்துலருந்து பிடிமண் எடுத்தா அது அம்மனா, ரோட்டுப் புழுதியா?"

அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள்தான் மறுநாள் லாரி பேசி முடித்தார்கள். முதலில் ஆறேழு குடும்பம் கிளம்புவதாக ஏற்பாடு. அதில் நாங்களும் ஒன்று. ஆறேழு குடும்பம் போனால் அந்த வீடுகளை உடனே இடிப்பார்கள். சால் என்கிற வரிசை வீடுகளுக்குச் சுவர் பொதுச்சுவர். ஒன்றை இடித்தால் பக்கத்து வீடு தானாக விழும். மீதிப்பேர் இருக்க நினைத்தாலும் இருக்க முடியாது. இது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும்தான் பெட்டியைக் கட்டினோம்.

கிளம்புகிற அன்று விடியற்காலையில் என் டிரங்குப் பெட்டியும் பாய்ச் சுருட்டும் கல்லியில் கிடக்கின்றன. லாரிக்காரன் வரக் காத்திருக்கிறோம். கோயில் பக்கமிருந்து அவள் வருகிறாள். தலைக்குக் குளித்து, ஈரப் புடவையோடு. தோளில் ஒரு முழு மூங்கில், கையில் கடப்பாரை. பின்னால் கொழுந்தன், கையில் மாவிலையும் மஞ்சள் துணியும் ஒரு செம்புப் பாலும். அவன் முகத்தைப் பார்த்தாலே அவன் வரவில்லை, இழுத்து வரப்படுகிறான் என்று தெரிந்தது. அடுப்புக்குப் பக்கத்தில், சரியாக அந்தச் சுண்ணாம்புக் கோட்டின் மேல், கடப்பாரையால் குழி தோண்டினாள்.

நாங்கள் எல்லோரும் அப்போதுதான் புரிந்துகொண்டோம். கால்நாட்டு.

கொடைக்கு முந்தின செவ்வாய்க்கிழமை பந்தல்கால் நாட்டுவது வழக்கம். கால் நாட்டிவிட்டால் கொடை முடிகிறவரை ஊர்க்காரர்கள் யாரும் வெளியே போய்த் தங்கக்கூடாது. வேலைக்குப் போகலாம், சந்தைக்குப் போகலாம், ராத்திரி தலை சாய்ப்பது ஊருக்குள்தான் இருக்க வேண்டும். மீறினால் அம்மன் பார்த்துக்கொள்வாள். பம்பாய்க்கு வந்து மில்லில் தறி ஓட்டினாலும், கங்காணியானாலும், இதை மீறுகிற தைரியம் எங்களில் ஒருவருக்கும் கிடையாது.

தலைவர் ஓடி வந்தார். "மயினி, பொம்பள கால் நாட்டலாமா?"

"பூசாரிதான் நாட்டுதான். நான் குழிதான தோண்டுனேன்."

"கொடைக்கு நாள் குறிக்கலையே?"

"இப்பக் குறிங்க. அதுவரைக்கும் அவன் அவன் வீட்டுல கெடங்க."

கொழுந்தன் மூங்கிலை நிறுத்தி மஞ்சள் துணியைக் கட்டினான். பாலை ஊற்றினான். அவள் குலவையிட்டாள். ஒற்றைக் குலவை. கல்லி முழுக்க அமைதியாக இருந்தது, அவளுடைய நாக்கு மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு கோடி வீட்டில் ஒருத்தி சேர்ந்தாள். இன்னொருத்தி. என் பெட்டியும் பாயும் வெளியே கிடக்கின்றன, தேவ்நாரில் எனக்கு மனை காத்திருக்கிறது, நானும் குலவையிட்டேன். ஊரில் ஒவ்வொரு வருஷமும் இட்ட பழக்கம், வாய் தானாகச் செய்துவிட்டது. என் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார். லாரிக்காரன் வந்து, திட்டி, வாடகையில் பாதி வாங்கிக்கொண்டு போனான்.

செவ்வாய் கால் நாட்டினால் அடுத்த செவ்வாய் கொடை. இதுதான் முறை. அடுத்த செவ்வாய் வருவதற்குள் கோடி வீட்டுக் கிழவர் செத்துப்போனார், தீட்டு. தீட்டுக் கழிந்ததும் பொங்கலுக்கு அரிசி இல்லை என்றாள். ரேஷனில் வருகிற அரிசி அப்போது பறவை கொத்துகிற அளவுதான், அதனால் யாராலும் மறுக்க முடியவில்லை. கையில் இருந்ததைக் கூட்டி அரிசி சேர்த்தார்கள். வில்லுப்பாட்டுக்காரர்கள் ஊரிலிருந்து வர டிக்கெட் கிடைக்கவில்லை என்றாள். வில்லுப்பாட்டு இல்லாமல் முத்தாரம்மனுக்குக் கொடை உண்டா என்று கேட்டாள். உண்டு என்று சொல்ல ஒருவரும் துணியவில்லை. டிக்கெட்டுக்கு யார் போய்க் கேட்டார்கள் என்றும் ஒருவரும் கேட்கவில்லை.

இதற்குள் எனக்கு ஏழு மாதம் முடிந்துவிட்டது. தலைப்பிரசவம். தாய்வீட்டுக்குக் கூட்டிப்போக என் அண்ணன் வந்து நின்றான். அவன் வாய்வழியாகவே அவளுக்கும் ஒரு சேதி வந்தது. ஊரில் அவளுடைய அக்கா படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள், தங்கச்சியைக் கூப்பிடச் சொல்லி அழுகிறாள். தாய் இல்லாமல் அவளை வளர்த்தது அந்த அக்காதான் என்று எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. என் அம்மா வீட்டுக்கு நான் போக முடியாமல் செய்தவள் இவள். அதே சமயம் இவளும் மாட்டிக்கொண்டாளே என்று ஒரு எண்ணம். அடுப்புக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"அத்தை, இது நீங்க கட்டுன கட்டு. நீங்களே அவுத்துருங்க. இல்லைன்னா ஒண்ணும் சொல்லாம நம்ம ரெண்டு பேரும் அண்ணன்கூட கிளம்பிருவோம். உங்கள யாரு கேக்கப் போறா?"

அவள் கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டினாள்.

"யாரும் கேக்க மாட்டாங்க. அதான்ட்டி பயமா இருக்கு. நானே தாண்டிட்டேன்னா பொறவு அது கால் இல்ல, வெறும் மூங்கில்."

"அக்கா கூப்பிடுதாளே."

"கூப்பிடுவா. அவ கூப்பிடாம வேற யாரு கூப்பிடுவா?"

அவ்வளவுதான். அதுவரை கல்லியில் பாதிப்பேர் கால்நாட்டை அவளுடைய தந்திரம் என்றே நினைத்திருந்தோம். அம்மனை வைத்து ஆட்டம் காட்டுகிறாள் என்று என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அப்புறம் அவர் அப்படிச் சொல்லவில்லை. என் அண்ணன் தனியாக ஊருக்குத் திரும்பிப் போனான். அவளைச் சபித்துக்கொண்டே நான் அந்த அறையில் படுத்திருந்தேன், சபிக்கும்போதே எனக்குத் தெரியும், என்னைவிட அவள்தான் அதிகமாகக் கொடுத்திருக்கிறாள் என்று.

சில வாரம் கழித்து ஒரு காலையில் கதவைத் திறந்தால் சேவு வாசனை இல்லை. எட்டிப் பார்த்தேன். சட்டி கீழே இறங்கியிருந்தது. எங்கள் கல்லியில் யாரும் சாகவில்லை. பாடையும் வரவில்லை. அணைந்த அடுப்புக்கு முன்னால் அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் அந்த மூங்கில். ஊரிலிருந்து யாரோ வந்து அக்கா போன சேதியைச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் பின் ஒருவராகப் பெண்கள் போய் உட்கார்ந்தோம். யாரும் ஒப்பாரி வைக்கவில்லை, அவள் வைக்க விடவில்லை. தோல் ஏற்றிய கைவண்டிக்காரன் ஒருவன் வந்தான். சட்டி இறங்கியிருப்பதைப் பார்த்தான், நேரே போக வழி இருப்பதையும் பார்த்தான். வண்டியைத் திருப்பிக்கொண்டு சுற்றியே போனான்.

மறுநாள் அடுப்பு எரிந்தது.

என் மகன் அந்தக் கல்லியில்தான் பிறந்தான். வலி வந்தபோது என் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் அவள்தான். அம்மா இல்லையே என்று அழுதேன். "கத்துட்டி, நல்லாக் கத்து. நம்ம முத்தம்தான், எவன் கேப்பான்" என்றாள். பிள்ளையைக் குளிப்பாட்டி என் பக்கத்தில் போட்டுவிட்டு வாசலுக்குப் போய்ச் சத்தமாகச் சொன்னாள். "பிள்ளை பொறந்த தீட்டு. கொடை தள்ளிப் போவுது." உடம்பில் அத்தனை வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ரோட்டாபீஸில் பொறுமை தீர்ந்துபோயிருக்க வேண்டும். மழைக்கு முன்னால் வேலையை ஆரம்பிக்க நினைத்திருந்தார்கள். ஒருவரும் காலி செய்யவில்லை. பெரிய துரையே நேரில் பார்க்க வந்தார். கார் கல்லி வாயில் நின்று ஹாரன் அடித்தது. கைக்குழந்தையோடு நான் என் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஓவர்சியர் ஐயர் காரிலிருந்து குதித்து ஓடி வந்தார்.

"அம்மா, பெரிய துரை வந்திருக்கார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும். சட்டியைச் செத்த இறக்கி வைங்கோ."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவரு பொணமா, அம்மனா?"

"என்னம்மா சொல்றேள்?"

"ரெண்டு பேருக்குத்தான் சட்டி எறங்கும். அவரு எதுன்னு கேட்டுச் சொல்லும்."

ஐயர் அதைத் துரையிடம் எப்படி மொழிபெயர்த்தாரோ தெரியாது. துரை காரைவிட்டு இறங்கி வந்து நின்றார். அவள் அவரையும் நிமிர்ந்து பார்த்து, "தேல் கரம் ஹை. கூம்கே ஜா" என்றாள். அதற்குள் பெண்கள் வாசல்களைவிட்டு வந்து அடுப்புக்குப் பின்னால் நின்றிருந்தோம். யாரும் கூப்பிட்டு வரவில்லை. சாக்கடை ஓரமும் அடைந்துபோயிற்று. துரை மூங்கிலைப் பார்த்தார், எண்ணெயைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு திரும்பினார். காரில் ஏறிப் போய்விடுவார் என்று நினைத்தோம். ஆனால் கல்லியின் மறு கோடியைப் பார்க்க வேண்டுமாம், கிடங்குக்குப் பின்பக்கமாக நடந்து சுற்ற ஆரம்பித்தார். ஐயர் பின்னால் ஓடினார்.

திரும்பி வந்தபோது துரையின் பூட்ஸ் முழுக்கச் சாம்பல். இரண்டு பேரும் காரின் மேல் மேப்பை விரித்து வெகுநேரம் பேசினார்கள். அப்புறம்தான் ஐயர் எங்களுக்குச் சொன்னார். கிடங்குக்குப் பின்பக்கம் மேப்பில் கழிமுகத் தண்ணீர் என்று போட்டிருக்கிறதாம். மேப் பழசு. கிடங்குக்காரர்கள் வருஷக்கணக்காகச் சாம்பலும் கழிவும் கொட்டி, அது இப்போது ஆடு மேய்கிற கெட்டித் தரை. ஒரு வீட்டையும் இடிக்காமல் ரோடு போக அங்கே இடம் இருந்தது. ஆபீஸில் உட்கார்ந்து கோடு போட்டவர்கள் யாரும் அந்தப் பக்கம் நடந்து பார்த்ததில்லை.

அவளால்தான் ரோடு திரும்பியது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆண்கள் மறுபடி மனு கொடுத்தார்கள். மழை சீக்கிரமே வந்துவிட்டது. ஐயரும் ஏதோ நல்லது சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று துரை வரும்போது பாதி வீடு இடிந்து கிடந்திருந்தால், அவர் எதற்காகச் சுற்றப் போகிறார்? நேரே வந்திருப்பார். மழை விட்டதும் சுண்ணாம்புக் கோடு கிடங்குக்குப் பின்னால் போட்டார்கள். மழையிலும் கரையாமல் மிச்சமிருந்த பழைய கோட்டை அவள் கழுவவில்லை. அது தானாக அழியட்டும் என்று விட்டாள்.

அந்த வாரமே வில்லுப்பாட்டுக்காரர்களுக்கு டிக்கெட் கிடைத்துவிட்டது. எப்படிக் கிடைத்தது என்று தலைவர் கேட்டார். "அம்மன் கொடுத்தா" என்றாள், முகம் மாறாமல். கொடை நன்றாக நடந்தது. அம்மன் வெளியே வந்தபோது சட்டியை இறக்கி, அடுப்புக் கல்லைக்கூட எடுத்துவிட்டு, ஓரமாகக் கைகூப்பி நின்றாள். கல்லியின் நடு அப்படி வெறுமையாக இருந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. எதற்கென்று சரியாகத் தெரியவில்லை, இத்தனை நாள் பிடித்துவைத்திருந்த பயம்தான் அப்படி வெளியே வந்தது என்று நினைக்கிறேன்.

கால் பிடுங்கிய மறுநாள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் தாய்வீட்டுக்குக் கிளம்பினேன். அவளும் கூட வந்தாள். பதினாறாம் நாள் எல்லாம் எப்போதோ முடிந்த வீட்டுக்கு, ஒரு பொட்டலம் சேவோடு. ரயிலில் நாள் பூராவும் ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். மேடும் பொட்டலுமாக ஏதோ ஒரு ஊர் கடந்தபோது, என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"அக்காவுக்கு மட்டும் நான் வழி விட்டிருக்கணும்ட்டி."

இல்லை அத்தை என்று சொல்ல வாய் வந்தது. என்ன சொன்னாலும் அது பொய்யாகத்தான் இருக்கும். பிள்ளையைத் தூக்கி அவள் மடியில் போட்டேன். எண்ணெய்ப் புள்ளி விழுந்த அந்தக் கையால் அவனை அணைத்துக்கொண்டு, அவள் அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அவள் போய் எத்தனையோ வருஷமாகிறது. கல்லி இருக்கிறது, கோயில் இப்போது ஆள் நிமிர்ந்து நுழைகிற அளவுக்குப் பெரிசு. சயானுக்குப் போகிற பஸ் அந்த ரோட்டில்தான் போகிறது. நேராக வருகிற ரோடு கிடங்கு இருந்த இடத்துக்குப் பக்கத்தில் வந்ததும் சட்டென்று ஒடிந்து, வயிறு தள்ளி வளைந்து, அப்புறம் மறுபடி நேராகும். அங்கே பஸ்ஸுக்குள் நிற்கிறவர்கள் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்வார்கள்.

போன வாரம் ஒரு பையன் என்மேலேயே விழுந்தான். நம்ம ஊர்ப் பையன்தான், காதில் ஏதோ மாட்டிக்கொண்டு. எழுந்து நின்று, "ஸாரி ஆன்ட்டி. எந்த முட்டாள் இந்த ரோட்டைப் போட்டான்? நேரா போட்டிருந்தா என்ன?" என்றான்.

"போடத்தான் வந்தாங்க தம்பி. அங்க எண்ணெய் கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு" என்றேன்.